புயலின் பெயரும் தரமும்: "வலுவிழந்தது" என்று சொன்னால் நம்பிப் படுக்கலாமா?

#1 எண்ணூர்_மணி

வணக்கம் எல்லோருக்கும். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த விஷயம். டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டுவிட்டு நம் பக்கம் வந்தபோது, டிவியில் "புயல் வலுவிழந்தது" என்று கீழே ஓடியதுமே எங்கள் தெருவில் பாதிப் பேர் பரணில் ஏற்றிய அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் சர்டிபிகேட் பையையும் இறக்கி வைத்துவிட்டார்கள். பெரிய மழை அதற்கு அப்புறம்தான் வந்தது. கரைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு விடாமல் ஊற்றியது. கீழ்வீட்டுப் பாட்டி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "வலு போயிடுச்சுன்னு சொன்னாங்களேப்பா" என்று என்னைக் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல் என்று படிப்படியாகச் சொல்கிறார்களே, எதை அளந்து இந்தப் படியைப் போடுகிறார்கள்? பெயர் எந்தப் படியில் வருகிறது, யார் வைப்பது? அமெரிக்காவில் கேட்டகரி 1, 2 என்கிறார்கள், இங்கே அப்படி ஏன் இல்லை? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாக எழுதுங்கள். எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போட வேண்டும்.

#2 மழைக்கணக்கு

மணி சார், ரொம்ப அவசியமான கேள்வி. அந்தப் படிகள் எல்லாமே காற்றின் வேகத்துக்கு மட்டும். மழைக்கு அதில் இடமே கிடையாது.

மையத்தைச் சுற்றி வீசும் காற்று மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழே என்றால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால்தான் புயல், பெயர் சூட்டுவதும் அங்கேதான். 89ல் தீவிரப் புயல். 118க்கு மேல் ஒரு படி, 167க்கு மேல் இன்னொரு படி. இந்த இரண்டையும்தான் "மிகத் தீவிரம்", "அதி தீவிரம்" என்று பத்திரிகைகள் ஆளுக்கொரு மாதிரி எழுதிக் குழப்புகின்றன. அடைமொழியை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். 222ஐத் தாண்டினால் சூப்பர் புயல். 1999 அக்டோபரில் ஒடிசாவை அழித்தது அந்த ரகம், காற்று 260 கி.மீ. 2020ல் ஆம்பன் கடலுக்குள் இருந்தபோது அந்தப் படியைத் தொட்டு, கரையேறும்போது கீழே இறங்கியிருந்தது.

இந்த எண்கள் மூன்று நிமிடச் சராசரி. "இடையிடையே 90 கி.மீ. வேகத்தில்" என்று அறிக்கையில் வருவது திடீர் வீச்சு, அதை வைத்துப் படி போடுவதில்லை.

இனி "வலுவிழந்தது" என்ற வார்த்தைக்கு வருகிறேன். மையத்தில் காற்று 70லிருந்து 55க்கு இறங்கினால் வலுவிழந்தது என்று அறிவிப்பார்கள். அது சரியான தகவல்தான். ஆனால் கடலிலிருந்து உறிஞ்சி வைத்த ஈரம் அப்படியே மேலே இருக்கிறது, வங்கக் கடல் இன்னும் ஊட்டிக்கொண்டும் இருக்கிறது. அதோடு, புயலை நகர்த்திச் செல்லும் மேலடுக்குக் காற்று தளர்ந்துவிட்டால் அது நகராமல் ஒரே இடத்தில் நிற்கும். வேகமாகக் கடந்து போகும் தீவிரப் புயலைவிட, நகராமல் நிற்கும் தாழ்வு மண்டலம் அதிகத் தண்ணீரைக் கொட்டிவிடும். ஒரு ஊரில் எவ்வளவு பெய்யும் என்பதை, காற்று எவ்வளவு வேகம் என்பதைவிட, அது எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

மிக்ஜாமை நினைத்துப் பாருங்கள். 2023 டிசம்பர் 5ல் அது கரை கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. சென்னை மூழ்கியது அதற்கு முந்தைய இரண்டு நாளில், புயல் கடலிலேயே இருந்தபோது.

#3 நாகை_டீச்சர்

அருமையான விளக்கம் ஐயா. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் உடனே கேட்பார்கள்: நடுக்கடலில் காற்று 62 கி.மீ. என்று யார் போய் அளந்தது?

#4 மழைக்கணக்கு

பெரும்பாலும் யாரும் போய் அளப்பதில்லை டீச்சர். அமெரிக்காவில் விமானம் புயலுக்குள்ளேயே நுழைந்து கருவிகளைக் கீழே போட்டு அளக்கும். வங்கக் கடலில் அப்படி வாடிக்கையாகப் பறக்கும் விமானம் இல்லை. மிதவைகளும் கப்பல் தகவலும் கரையோர ரேடாரும் உண்டு. ஆனால் முதுகெலும்பு செயற்கைக்கோள் படம்தான்.

வெர்னான் டுவோரக் என்ற அமெரிக்க வானிலையாளர் 1970களில் ஒரு முறையை உருவாக்கினார். மேகம் மையத்தைச் சுற்றி எவ்வளவு வளைந்திருக்கிறது, மையம் மேகத்துக்கு அடியில் மறைந்திருக்கிறதா வெளியே தெரிகிறதா, மேக உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, நடுவில் கண் (மேகமில்லாத வட்டம்) விழுந்திருக்கிறதா என்று பார்த்து ஒரு எண் கொடுப்பார்கள். அதுதான் டி எண். 1.5 என்றால் தாழ்வு மண்டலம், 2 என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 2.5 என்றால் புயல், 3.5 என்றால் தீவிரப் புயல். ஒரே படத்தைப் பார்க்கும் இரண்டு தேர்ந்த நிபுணர்களுக்குள் அரை எண் வித்தியாசம் வரலாம். அந்த அரை எண்ணில்தான் பெயர் உள்ளதும் இல்லாததும் பிரிகிறது.

2024ல் ஃபெஞ்சலுக்கு நடந்தது இதுதான். புயலாகும் என்றார்கள், ஆகாது போலிருக்கிறது என்றார்கள், நவம்பர் 29ல் ஆகிவிட்டது என்றார்கள். "ஒழுங்காகச் சொல்லத் தெரியாதா" என்று ஊரே திட்டியது. 62 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளாடிய ஒன்றை வேறு எப்படிச் சொல்ல முடியும்? புயலா இல்லையா என்ற அந்தச் சண்டையில் மழைக்கணிப்பை யாருமே கவனிக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். மயிலத்தில் சுமார் 50 செ.மீ. பெய்தது. அது உள்நாட்டுக்குள் போய் வலுவிழந்த பிறகு, கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஊத்தங்கரையிலும் சுமார் 50 செ.மீ. கொட்டியது.

#5 துறைமுகத்து_ஆள்

படிகளைப் பற்றிப் பேசும்போது துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணையும் சேர்த்துப் பேசிவிடுவோம். நான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எல்லா வருஷமும் டிவியில் "5ஆம் எண் கூண்டு இறக்கப்பட்டு 6ஆம் எண் ஏற்றப்பட்டது, ஆபத்து அதிகரிப்பு" என்று சொல்வதைக் கேட்டால் மனசு பதறும்.

1ம் 2ம் தூரத்தில் இருப்பதைப் பற்றி. 3ம் 4ம் அந்தத் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம் என்பதற்கு. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்துதான். புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடக்கும் என்றால் 5, வலப்பக்கம் விட்டுக் கடக்கும் என்றால் 6, துறைமுகத்தின் மேலேயே அல்லது ஒட்டியே கடக்கும் என்றால் 7. தீவிரப் புயலாக இருந்தால் இதே மூன்று நிலையும் 8, 9, 10 ஆகிவிடும். 11 ஏற்றினால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

5க்கும் 6க்கும் உள்ள வித்தியாசம் திசைதான். மாலுமிக்கு அது உயிர் விஷயம். காற்று எந்தப் பக்கமிருந்து திரும்பும் என்று தெரிந்தால்தான் கப்பலைக் கட்டி வைப்பதா, ஆழ்கடலுக்குக் கொண்டு போவதா என்று முடிவெடுக்க முடியும். பகலில் கம்பத்தில் கூம்பும் உருளையுமாகத் தொங்கும், ராத்திரியில் சிவப்பு விளக்கும் வெள்ளை விளக்கும். ஈரக்காற்றில் அந்தக் கயிறு கையை அறுக்கும், உருளை கம்பத்தில் மோதி மோதி ஏறும். ஏற்றி முடித்துவிட்டு வரிசை சரியா என்று கீழிருந்து இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து உறுதி சொன்ன பிறகுதான் பதிவேட்டில் நேரம் எழுதுவோம். கப்பல்காரர்களுக்காக அவ்வளவு கவனமாக ஏற்றுவதை டிவியில் மதிப்பெண் மாதிரி வாசிக்கக் கூடாது.

#6 நாகை_டீச்சர்

ஐயா, கஜா வந்த ஊரில் இருக்கிறேன். இத்தனை வருஷமாக 5, 6, 7 என்று ஏறினால் பயமும் ஏறும் எங்களுக்கு. இதை அப்படியே கரும்பலகையில் எழுதப் போகிறேன்.

#7 குளச்சல்_கரை

ஒக்கி பத்தி யாராவது எழுதுவாங்கன்னு பாத்தேன். நானே எழுதுறேன்.

2017 நவம்பர் 29ல அது வெறும் தாழ்வு மண்டலம். 30 காலையில புயல். ஒரே நாள்ல ரெண்டு படி தாண்டிருச்சு. எங்க ஊரு ஆழ்கடல் படகு ஒரு தடவை இறங்குனா பத்து நாள், பதினஞ்சு நாள் கழிச்சுதான் கரை. தாழ்வு மண்டலம்னு இங்க சொல்லும்போது அவங்க கரையிலேருந்து நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்காங்க. வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. பெயர் வச்சாங்க, தரம் ஏத்துனாங்க, கூண்டு ஏத்துனாங்க, அதெல்லாம் யாரு காதுல விழுந்துச்சு? எங்க சொந்தத்திலேயே போனவங்க திரும்பல.

படி தப்புன்னு நான் சொல்லல. அந்தப் படி ஏறுற வேகத்த யாரும் கணக்குல எடுக்கலைங்கறதுதான். நம்ம கடல் சூடா கெடக்குற மாசத்துல சாயங்காலம் தாழ்வு மண்டலமா இருக்குறது விடியும்போது என்னவா இருக்கும்னு சொல்ல முடியாது. தாழ்வு மண்டலம்னு காதுல விழுந்த அன்னைக்கே புயல்னு நெனச்சுக்கணும்.

#8 மட்டு_மைந்தன்

குளச்சல் அண்ணை, உங்கட வேதனை விளங்குது.

நான் மட்டக்களப்பு. எங்கட பக்கம் சூறாவளி எண்டால் 1978 நவம்பர் 23 இரவுதான். இப்பவும் பெரியாக்கள் வயசைக் கணக்குப் பார்க்கிறது "சூறாவளிக்கு முதல், சூறாவளிக்குப் பிறகு" எண்டுதான். அதுக்குப் பெயர் இல்லை. தென்னந்தோப்பெல்லாம் ஒரே இரவில படுத்திட்டுது.

டிட்வா அப்பிடி இல்லை. காற்றுக் கணக்கில அது வெறும் புயல், தீவிரப் புயல் எண்ட படிக்குக்கூட வரேல்லை. ஆனா மலையகத்தில கண்டி, பதுளை, நுவரெலியா எங்கும் மண் சரிஞ்சு தோட்டத் தொழிலாளரின்ர லயன் வீடுகள் புதைஞ்சு நூற்றுக்கணக்கான சனம் செத்துப் போச்சு. அண்மைக் காலத்தில இலங்கைக்கு வந்த மிகப் பெரிய இயற்கை அழிவுகளில அது ஒண்டு. பட்டியலில பார்த்தால் அடியில இருந்து முதல் பெயருள்ள படி. மணி அண்ணை கேட்ட கேள்விக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேணுமோ?

பெயர் பற்றி ஒண்டு சொல்றன். 2013 மே மாசம் வந்த ஒரு புயலுக்கு இலங்கை குடுத்த பட்டியலில இருந்த "மகாசேன்" எண்ட பெயர் வந்தது. மகாசேன் மின்னேரிக் குளத்தைக் கட்டின மன்னன். குளம் கட்டி வளம் தந்த அரசனின்ர பெயரை அழிவுக்கு வைக்கிறதோ எண்டு இலங்கையிலயே எதிர்ப்புக் கிளம்பி, பெயரை மீளப்பெற்று, புயல் கடலில இருக்கேக்கையே "வியாறு" எண்டு மாத்தினவை. அதுக்குப் பிறகு எங்கட நாட்டுப் பட்டியலில அசனி, சக்தி, கர்ஜனா எண்டு பொதுப் பெயர்கள்தான்.

#9 மழைக்கணக்கு

மட்டு மைந்தன், நன்றி. பெயர் வைக்கும் முறையை இப்போது எழுதிவிடுகிறேன், மணி சார் கேட்டது பாக்கி இருக்கிறது.

வட இந்தியப் பெருங்கடலுக்கு, அதாவது வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்கும், பெயர் சூட்டும் பொறுப்பு டெல்லியில் உள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு. ஆனால் பெயரை அது தன் இஷ்டத்துக்கு வைப்பதில்லை. 2000ல் மஸ்கட்டில் இப்பகுதி நாடுகள் கூடிப் பேசிய முறை 2004ல் நடைமுறைக்கு வந்தது. அப்போது எட்டு நாடுகள், ஆளுக்கு எட்டு, மொத்தம் 64 பெயர். முதல் பெயர் ஒனில், கடைசிப் பெயர் 2020 மே மாத ஆம்பன். அதற்குள் ஈரான், கத்தார், சவுதி, அமீரகம், ஏமன் சேர்ந்து 13 நாடாகிவிட்டது. புதுப் பட்டியலில் ஆளுக்கு 13, மொத்தம் 169. நாடுகள் ஆங்கில அகரவரிசையில் நிற்கின்றன. வங்கதேசம் கொடுத்த நிசர்கா முதலில் வந்தது, பிறகு இந்தியாவின் கதி, ஈரானின் நிவர், மாலத்தீவின் புரெவி. ஒரு சுற்று முடிந்தால் மறுபடி வங்கதேசம். டிட்வா இரண்டாம் சுற்றின் கடைசி, ஏமன் கொடுத்தது. சொகோத்ரா தீவில் உள்ள ஒரு கடற்கழியின் பெயர்.

மூன்றாம் சுற்றில் முதல் பெயர் வங்கதேசத்தின் அர்னாப். அதற்கு அடுத்து இந்தியாவின் முறை, பெயர் முரசு. ஆம், நம் முரசுதான். இந்தியப் பட்டியலில் நீர் என்பதும் இருக்கிறது.

எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது, வாயில் நுழைய வேண்டும், மதம், அரசியல், ஆண் பெண் சார்பு கூடாது, யாரையும் புண்படுத்தக் கூடாது என்பதெல்லாம் விதி. நம் பகுதியில் ஒருமுறை வைத்த பெயர் மறுபடி வராது.

பெயர் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். 2018 அக்டோபரில் அரபிக் கடலில் லுபான், வங்கக் கடலில் தித்லி, இரண்டும் ஒரே நேரத்தில். அட்சரேகை தீர்க்கரேகையைச் சொல்லி எந்த மீனவருக்கு எந்தப் புயலென்று விளக்குவீர்கள்?

இன்னொரு விதியும் இருக்கிறது. புயல் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குப் புயலாகவே தாண்டி வந்தால் பழைய பெயரோடேயே வரும். 2019 ஜனவரியில் தாய்லாந்தைத் தாண்டி அந்தமான் கடலுக்கு வந்த பபூக், ஜப்பான் வானிலை நிறுவனம் சூட்டிய பெயர். நம் பட்டியலிலேயே அது கிடையாது.

#10 ஹூஸ்டன்_தேவி

அமெரிக்கா பக்கத்தை நான் எழுதுகிறேன். ஹரிக்கேன், டைஃபூன், சைக்ளோன் மூன்றும் ஒரே பிராணிதான், கடல் மாறினால் பெயர் மாறும்.

அட்லாண்டிக்கில் ஆறு பட்டியல், வருஷத்துக்கு ஒன்று, ஏழாவது வருஷம் முதல் பட்டியல் திரும்பி வரும். ஒவ்வொன்றிலும் 21 பெயர். க்யூ, யூ, எக்ஸ், ஒய், இசட் எழுத்துகளில் பெயர் கிடையாது. 1953லிருந்து பெண் பெயர்களை மட்டுமே வைத்தார்கள். ராக்ஸி போல்டன் என்ற ஃப்ளோரிடா பெண்ணுரிமைப் போராளி போன்றவர்கள் விடாமல் எதிர்த்து, 1979லிருந்து அட்லாண்டிக்கில் ஆண் பெயரும் பெண் பெயரும் மாறி மாறி வருகின்றன. பெரும் நாசம் செய்த பெயரை நிரந்தரமாக விலக்கிவிடுவார்கள். ஆண்ட்ரூ, கத்ரீனா, சாண்டி, மரியா இனி வரமாட்டார்கள். 2005லும் 2020லும் 21 பெயரும் தீர்ந்து கிரேக்க எழுத்துகளுக்குப் போனார்கள். ஜீட்டா, ஈட்டா, தீட்டா என்று ஒரே மாதிரி ஒலித்து ரேடியோவில் பெரிய குழப்பம். 2021ல் அந்த முறையையே கைவிட்டு, உதிரிப் பட்டியல் ஒன்று வைத்துக்கொண்டார்கள்.

கேட்டகரி என்பது சாஃபிர் சிம்சன் அளவு. பொறியாளர் ஹெர்பர்ட் சாஃபிரும் தேசிய ஹரிக்கேன் மையத்தின் இயக்குநராக இருந்த ராபர்ட் சிம்சனும் 1970களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. மணிக்கு 119 கி.மீ.யில் 1, 154ல் 2, 178ல் 3, 209ல் 4, 252ல் 5. ஆரம்பத்தில் இதில் காற்றழுத்தமும் கடல் பொங்கும் உயரமும் சேர்ந்திருந்தன. 2008ல் ஐக் என்ற ஹரிக்கேன் வந்தது. எங்கள் கால்வெஸ்டன் பக்கம் கேட்டகரி 2 தான், ஆனால் கடல் 15 முதல் 20 அடி வரை பொங்கியது. 2004ல் ஃப்ளோரிடாவில் சார்லி கேட்டகரி 4, கடல் பொங்கியது 8 அடிக்குள்தான். புயலின் அகலம், கரையோரக் கடலின் ஆழம் எல்லாம் சேர்ந்துதான் அலையைத் தீர்மானிக்கும், ஒற்றை எண்ணில் அடங்காது என்று 2010ல் அழுத்தத்தையும் அலையையும் அளவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது அது சுத்தமாகக் காற்றளவு.

இங்கேயும் மணி சார் சொன்ன கதைதான். 2017ல் ஹார்வி கேட்டகரி 4 ஆகக் கரையேறியது ராக்போர்ட்டில். ஹூஸ்டன் மூழ்கியதோ அது வெறும் வெப்பமண்டலப் புயலாக (ஹரிக்கேனுக்குக் கீழ்ப்படி) இறங்கிய பிறகு, நாள் கணக்கில் நகராமல் நின்றபோது. டெக்சஸில் ஓரிடத்தில் 1,500 மி.மீ.க்கு மேல் பெய்தது. அதற்கு முன் 2001ல் ஆலிசன். அது ஹரிக்கேன் என்ற படியை ஒருபோதும் தொடவே இல்லை, இருந்தும் ஹூஸ்டனை மூழ்கடித்ததால் அந்தப் பெயரை விலக்கினார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் ஆலிசனைப் பார்த்தவர். ஹார்வி வலுவிழந்தது என்று செய்தி வந்த அன்று அவர்தான் கதவைத் தட்டி, காரை மேட்டில் கொண்டு போய் விடு என்றார்.

#11 வானம்_பார்த்தவன்

எனக்கு ஒரு சந்தேகம். யூடியூபில் சிலர், "அமெரிக்கக் கடற்படை கேட்டகரி 1 என்கிறது, நம்ம ஆட்கள் வெறும் தீவிரப் புயல்னு மறைக்கிறாங்க" என்று வீடியோ போடுகிறார்கள். மறைக்கிறார்களா?

#12 மழைக்கணக்கு

மறைக்க ஒன்றுமில்லை. அமெரிக்கா எடுப்பது ஒரு நிமிடச் சராசரி, நாம் மூன்று நிமிடம், ஜப்பான் பத்து நிமிடம். காற்று விட்டுவிட்டுச் சீறும் இயல்புடையது. நீண்ட நேரத்துக்குச் சராசரி எடுத்தால் எண் குறையும். ஒரே புயலுக்கு ஒரு நிமிட எண்ணைவிடப் பத்து நிமிட எண் கடல்மேல் சுமார் 7 சதவீதம் குறைவாக வரும். நம் மூன்று நிமிடம் இரண்டுக்கும் நடுவில். எல்லைக்கோட்டில் இருக்கும் புயலுக்கு இந்த வித்தியாசமே படியை மாற்றிவிடும். ஒரு புயலை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே நிறுவனத்தின் எண்களை மட்டும் எடுங்கள்.

#13 பட்டுக்கோட்டை_தென்னை

எல்லோரும் மழை மழை என்றே பேசுகிறீர்கள். காற்றை இவ்வளவு லேசாக விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கடந்தபோது எங்களுக்குப் பெரிய வெள்ளம் இல்லை. காற்றுதான். பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு முழுக்கத் தென்னை வேரோடு போனது. சில மரம் பாதியில் முறுக்கி ஒடிந்து, நார் நாராகத் தொங்கியது. ஒரு தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். தண்ணீர் வடிந்தால் அடுத்த போகம் விதைக்கலாம், தென்னை போனால் ஒரு பிள்ளையின் படிப்பே போய்விடும். 2011ல் "தானே" புயல் பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் அப்படித்தான் சாய்த்தது.

காற்று இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். எங்களுக்கு அந்தப் படிகள்தான் முக்கியம். 89ஐத் தாண்டப் போகிறது என்றால் இளநீரையும் முற்றிய காயையும் முன்பே இறக்கி, மட்டையைக் கழித்து, மரத்தின் தலைப்பாரத்தைக் குறைக்கலாம். அந்த அளவு தப்பு என்று பேசினால் எங்களுக்குக் கஷ்டம்.

#14 நாகை_டீச்சர்

தென்னை அண்ணன் சொல்வது நியாயம். எங்கள் பள்ளியின் ஓடும் அன்றுதான் பறந்தது.

#15 எண்ணூர்_மணி

அண்ணே, அளவு தப்பென்று நானும் சொல்லவில்லை. ஒரே அளவை வைத்து எல்லா ஆபத்தையும் சொல்கிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொள்வதுதான் பிரச்சினை. அப்படியானால் மழைக்கு என்ன படி? அதை எங்கே பார்ப்பது?

#16 மழைக்கணக்கு

மழைக்குத் தனிப் படி ஏற்கெனவே இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. 24 மணி நேரத்தில் சுமார் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. 21க்கு மேல் அதி கனமழை. மாவட்டவாரியாக வரும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை நம் பக்கம் பெரும்பாலும் இதை ஒட்டியே வரும். சிவப்பு என்றால் அதி கனமழையை எதிர்பார்க்கிறார்கள். புயல் தாழ்வு மண்டலமாக இறங்கிய பிறகும் உங்கள் மாவட்டம் சிவப்பிலேயே இருந்தால் பரணில் ஏற்றியதை இறக்காதீர்கள்.

இந்த இரண்டு படிகளும் எவ்வளவு தூரம் விலகி நிற்கும் என்பதற்கு என் மனசை விட்டு அகலாத உதாரணம் 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தாமிரபரணி பொங்கியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது. அன்று கடலில் இருந்தது என்ன? புயல் இல்லை, தாழ்வு மண்டலம்கூட இல்லை. வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி. நான் மேலே எழுதிய ஏணியின் முதல் படிக்கும் கீழே. பெயர் கிடையாது, கூண்டு கிடையாது, டிவியில் சுழலும் அந்த வட்டப் படம் கிடையாது. 2015 டிசம்பர் 1ல் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்து சென்னை மூழ்கியதே, அன்றும் பெயருள்ள புயல் எதுவும் இல்லை.

பெயர் வைத்தால் ஜனங்கள் கவனிக்கிறார்கள், அது பெரிய நன்மை. பெயர் இல்லை என்றால் பயமும் வருவதில்லை, நம் ஊரில் உயிர் போவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். பெயர் வரும் வரை காத்திருக்கிற பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும் என்று எனக்கு அழுத்தமாகத் தோன்றுகிறது.

#17 வானம்_பார்த்தவன்

அப்படியென்றால் பெரிய மழைக்கும் பெயர் வைத்துவிடலாமே? ஐரோப்பாவில் குளிர்காலப் புயல்களுக்கெல்லாம் வைக்கிறார்களே.

#18 ஹூஸ்டன்_தேவி

அது இன்னொரு சிக்கலைக் கொண்டுவரும் தம்பி. பெயரும் வகையும் பணத்தோடும் சட்டத்தோடும் ஒட்டிக்கொள்ளும். 2012 அக்டோபர் 29ல் சாண்டி நியூஜெர்சியில் கரையேறும் சற்று முன்பு, அது ஹரிக்கேன் இல்லை, வெப்பமண்டலத் தன்மையை இழந்துவிட்டது என்று வகை மாற்றினார்கள். வானிலை அறிவியல்படி சரி. ஆனால் அப்படி மாறும் என்று தெரிந்திருந்ததாலேயே அந்தக் கரைக்கு ஹரிக்கேன் எச்சரிக்கை என்ற தலைப்பில் எச்சரிக்கை போகவில்லை. வேறு தலைப்பில் போனது. மக்களுக்கு எந்தத் தலைப்பைப் பார்த்தால் பயம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2013லிருந்து, வகை மாறினாலும் ஆபத்து நீடித்தால் அதே எச்சரிக்கை தொடரலாம் என்று விதியைத் திருத்தினார்கள்.

காப்பீட்டிலும் இதே சண்டை. இங்கே பல மாநிலங்களில் வீட்டுக் காப்பீட்டில் ஹரிக்கேன் என்றால் முதலில் வீட்டு உரிமையாளர் தன் கையிலிருந்து போட வேண்டிய தொகை, வீட்டு மதிப்பில் இத்தனை சதவீதம் என்று இருக்கும், சாதாரணப் புயலைவிடப் பல மடங்கு. சாண்டி கரையேறும்போது ஹரிக்கேன் இல்லை, அதனால் அந்தத் தொகையைக் கேட்கக் கூடாது என்று நியூயார்க், நியூஜெர்சி ஆளுநர்கள் அறிவித்தார்கள். ஒரு பெயர்ப்பலகை மாறியதில் எத்தனையோ குடும்பத்தின் பணம் தப்பியது.

#19 வானம்_பார்த்தவன்

பெண் பெயர் வைத்த புயலில் அதிகம் பேர் சாகிறார்கள் என்று ஒரு ஆய்வு வந்ததே, உண்மையா அக்கா?

#20 ஹூஸ்டன்_தேவி

2014ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது. வந்த உடனேயே பலமாகக் கேள்வி எழுப்பினார்கள். 1979க்கு முன்பு எல்லாமே பெண் பெயர்தானே, அந்தக் காலத்தில் செயற்கைக்கோளும் எச்சரிக்கையும் குறைவு, சாவும் அதிகம். இரண்டையும் கலந்தால் கணக்கு கோணும். நான் அதை ஆதாரமாக எடுக்கமாட்டேன்.

#21 துறைமுகத்து_ஆள்

பெயர் வைக்காத காலத்திலும் ஜனங்கள் மறக்கவில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததற்கு என்ன பெயர்? தனுஷ்கோடிப் புயல்தான். ஊரின் பெயரே புயலுக்கு ஆகிவிட்டது.

#22 குளச்சல்_கரை

வாட்ஸப் குழுவுல போடுறதுக்குன்னு மணி அண்ணன் கேட்டாரு. கடல்ல போறவங்களுக்கும் ஒண்ணு சேத்துப் போடுங்க. வானிலை அறிக்கையில கடைசியா மீனவர் எச்சரிக்கைன்னு வரும். "சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் வீசக்கூடும்." பேரே இல்லாத தாழ்வுப் பகுதிக்கும் இந்த வரி வரும். செய்தியில இத வாசிக்கும்போது ஊர்ல பாதிப்பேரு சேனல மாத்திருவான். 55லயே எங்க ஃபைபர் வள்ளம் நிக்காது. எந்தத் தேதி, எந்தக் கடல் பகுதின்னு அதுலயே தெளிவா இருக்கும்: மன்னார் வளைகுடா, குமரிக் கடல், தென்மேற்கு வங்கக் கடல்னு. ஏற்கெனவே கடல்ல இருக்கறவங்க எந்தத் தேதிக்குள்ள கரை திரும்பணும்னும் போடுவாங்க. அந்தத் தேதிய மட்டும் எடுத்து, கடல்ல ஆள் இருக்குற வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க.

#23 எண்ணூர்_மணி

போட்டாச்சு அண்ணே. மழைக்கணக்கு சார் எழுதிய 7, 12, 21 கணக்கையும் துறைமுகத்து ஐயாவின் கூண்டு விளக்கத்தையும் சேர்த்தே போட்டிருக்கிறேன். கீழ்வீட்டுப் பாட்டிக்கு நேரில் வாசித்தும் காட்டினேன். எந்தக் கலர் என்று போனில் எங்கே பார்ப்பது என்று கேட்கிறார். சென்னை மண்டல வானிலை மையத்தின் பக்கத்தை அவர் பேரன் போனில் திறந்து வைத்திருக்கிறேன்.